ஜில்லெட்டின் சவரக் கணக்கு

உலகெங்கும் ஆண்களின் முகமயிரை மழித்த ஒரு பிளேடின் காகித உறையில், பல பத்தாண்டுக் காலம், அடர்ந்த மீசை வைத்த ஒரு மனிதரின் படம் அச்சிடப்பட்டிருந்தது. அவர் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். அந்நாளில் நாணயங்களிலும் தபால்தலைகளிலும் இடம்பெற்ற மன்னர்களைத் தவிர, இத்தனை கோடிக் கைகளுக்குப் போய்ச் சேர்ந்த முகம் வேறொன்று இருந்திருப்பது அரிது.

வணிக மேலாண்மை நூல்கள் அவரைப் பற்றி ஒரே ஒரு கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ரேசரை ஏறத்தாழ இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிளேடில் காலமெல்லாம் லாபம் பார்த்தவர் என்பது அக்கதை. அச்சுப்பொறியை மலிவாக விற்று மையில் பணம் பண்ணும் நிறுவனங்கள் வரை அனைவருக்கும் அவரே முன்னோடி என்பார்கள். அவருடைய நிறுவனத்தின் விலைப்பட்டியலோ வேறு கதை சொல்கிறது.

இன்னொரு காரணத்துக்காகவும் அவர் வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்க்கலாம். பிளேடுகளில் சலிப்புற்று, பாட்டன் காலத்து மடக்குச் சவரக்கத்திக்குத் திரும்ப விரும்புவோர் அண்மைக் காலமாகப் பல நாடுகளிலும் பெருகியிருக்கிறார்கள். இணைய அங்காடிகளில் அந்தக் கத்தி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுதும் உழைக்கும் என்ற உறுதிமொழியும் கூடவே வருகிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர், அதே கத்தியோடு ஒரு காலைப்பொழுதில் போராடி, அதைக் கைவிட வழி தேடிய மனிதரின் கணக்கை முதலில் பார்ப்பது நல்லது.

ஜில்லெட் 1855 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஃபாண்டு லாக் என்ற ஊரில் பிறந்தார். கேம்ப் என்பது தாய்வழிக் குடும்பப் பெயர். சிறுவயதிலேயே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை இரும்புச் சாமான் வணிகர். கண்டுபிடிப்புகளில் ஆர்வம் மிக்கவர். தாய் ஃபேனி சமையற்கலையில் வல்லவர். அவர் தொகுத்து 1887இல் வெளியான வெள்ளை மாளிகைச் சமையல் நூல் அமெரிக்க இல்லங்களில் பல தலைமுறை புழங்கியது. வீட்டில் எல்லோரும் எதையாவது செய்துபார்த்துக்கொண்டே இருக்கும் குடும்பம் அது.

1871 அக்டோபரில் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. நகரின் மையப்பகுதி சாம்பலானது. ஜில்லெட் குடும்பத்தின் வணிகமும் அதில் போயிற்று. பதினாறு வயதுப் பையன் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. முதலில் இரும்புக்கடை எழுத்தர், பிறகு ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் விற்பனைப் பிரதிநிதி. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ரயிலிலும் விடுதிகளிலும் கழிந்தன. இடையிடையே சிறு கருவிகள் சிலவற்றுக்குக் காப்புரிமை பெற்றார். எதுவும் பணமாக மாறவில்லை.

1890களின் தொடக்கத்தில் அவர் சேர்ந்த நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பெயின்டர். இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அவர் கண்டுபிடித்த பொருளைக் கையாண்டிருப்பார்கள். சோடா பாட்டிலின் வாயை இறுக்கிப் பிடிக்கும், விளிம்பு மடிந்த தகர மூடிதான் அது. உள்ளே மெல்லிய தக்கை வைத்த அந்த மூடிக்கு 1892இல் காப்புரிமை பெற்று அவர் செல்வந்தரானார். திறந்ததும் மூடியைத் தூக்கி எறிந்துவிடுவோம். அடுத்த பாட்டிலுக்கு அடுத்த மூடி வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியக்கூடிய, மீண்டும் வாங்கியே தீரவேண்டிய ஒன்றை நீங்களும் கண்டுபிடியுங்கள் என்று அவர் ஜில்லெட்டுக்கு அறிவுரை கூறினார். ஜில்லெட் அகரவரிசைப்படி மனிதத் தேவைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்ததாகச் சொல்வார்கள். நெடுநாள்வரை ஒன்றும் அகப்படவில்லை.

அதே ஆண்டுகளில் அந்த விற்பனைப் பிரதிநிதியின் மனத்தில் முற்றிலும் வேறொரு சிந்தனையும் ஓடிக்கொண்டிருந்தது. 1894இல் தி ஹியூமன் டிரிஃப்ட் என்ற நூலை அவர் வெளியிட்டார். சமூகத்தின் துன்பங்களுக்கெல்லாம் வேர் போட்டியே என்பது அதன் வாதம். ஒரே பொருளை நூறு ஆலைகள் தனித்தனியே செய்கின்றன. நூறு விற்பனையாளர்கள் அதே ஊர்களுக்கு அதே ரயிலில் போகிறார்கள். இந்த உழைப்பெல்லாம் விரயம் என்றார். ஊர் ஊராக அலைந்தவர் அல்லவா, இந்த விரயத்தை அவர் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இதற்கு மாற்றாக, நாட்டின் உற்பத்தி முழுவதையும் மக்களே பங்குதாரர்களாக உள்ள ஒரே நிறுவனம் ஏற்க வேண்டும். அமெரிக்க மக்களில் பெரும்பாலோர் நயாகரா அருவியின் அருகே, அதன் நீர்மின்சாரத்தில் இயங்கும் ஒரே மாநகரில் வாழ வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்த நகரின் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வரைபடமும் இணைத்திருந்தார்.

இதை எழுதிய மறு ஆண்டில்தான் தூக்கி எறியும் பொருள் அவருக்குக் கிடைத்தது. விரயத்தை ஒழிக்கத் திட்டம் தீட்டியவர், தூக்கி எறிவதையே அடிப்படையாகக் கொண்ட ஒரு பண்டத்தால் உலகப்புகழ் பெற்றார். இந்த முரணை அவர் எப்படித் தமக்குள் சமன்செய்துகொண்டார் என்பதை அவர் வாழ்க்கையின் எந்தக் கட்டத்திலும் நம்மால் தெளிவாகக் காண முடிவதில்லை.

1895 கோடைக்காலம். அவர் அப்போது பாஸ்டன் நகரை அடுத்த புரூக்லைனில் வசித்தார். ஒருநாள் காலை சவரம் செய்ய எடுத்த கத்தி மழுங்கியிருந்தது. தோல்வாரில் தீட்டிச் சரிசெய்யும் நிலையையும் அது தாண்டிவிட்டது. நாவிதரிடமோ கத்தி செய்பவரிடமோ கொடுத்துச் சாணை பிடித்தால்தான் ஆயிற்று. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு அப்போது ஓர் எண்ணம் தோன்றியது. முகத்தில் வேலை செய்வது மயிரிழை அளவுள்ள விளிம்பு மட்டுமே. அந்த விளிம்பைத் தாங்குவதற்காகவா இத்தனை கனமான எஃகு? விளிம்பை மட்டும் மெல்லிய தகடாகச் செய்து, இரு தகடுகளுக்கு இடையே இறுக்கிப் பிடித்து, மழுங்கியதும் எறிந்துவிட்டால் என்ன? அன்றே பாஸ்டனில் ஓர் இரும்புக்கடைக்குப் போய், பித்தளைத் துண்டுகள், கடிகாரச் சுருள்வில்லுக்கான எஃகுப் பட்டை, அரம், சிறு பிடிப்புக் கருவி ஆகியவற்றை வாங்கி வந்தார். ஊருக்குப் போயிருந்த மனைவிக்கு, நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்ற பொருள்படக் கடிதமும் எழுதினார்.

அவர் கைவிட நினைத்த அந்தக் கத்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மடக்குச் சவரக்கத்தி பார்வைக்கு எளிய பொருள், செய்வதற்கு அப்படியன்று. கரி கலந்த நல்ல எஃகைக் காய்ச்சி அடித்து, சரியான சூட்டில் குளிர்வித்துக் கடினமாக்கி, பிறகு மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். கடினம் குறைந்தால் விளிம்பு மடங்கும். மிகுந்தால் சில்லுச் சில்லாக உதிரும். அதன்பின் இரு பக்கங்களையும் உட்குழிவாகத் தேய்த்தெடுக்க வேண்டும். கத்தியின் தடித்த முதுகுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தீட்டுக்கல்லில் கத்தியைக் கிடத்தும்போது முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியும். தீட்டும் கோணத்தை முதுகுதான் நிர்ணயிக்கிறது. முதுகு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தாலோ, கத்தி சற்றே முறுகியிருந்தாலோ, எவ்வளவு பொறுமைசாலி தீட்டினாலும் விளிம்பு நேராகாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் தலைமுறை தலைமுறையாகப் புகழ் பெற்றது இந்த நுட்பத்தால்தான்.

நல்ல கத்தி கிடைத்தபின்னும் செலவு தீர்வதில்லை. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல்வாரில் இழுக்க வேண்டும். சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை கல்லில் தீட்ட வேண்டும். பயன்படுத்தியதும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். இல்லையேல் துரு விளிம்பைத் தின்றுவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கைப்பழக்கம் வேண்டும். நாவிதர்கள் ஆண்டுக்கணக்கில் கற்றுத் தேர்ந்த கலை அது. அதை ஒவ்வொரு ஆணும் கண்ணாடி முன் நின்று தன் கன்னத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மலிவான சவரக்கத்தியின் அவலம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பீட்டர் பிண்டார் என்ற புனைபெயரில் எழுதிய 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அங்கதக் கவிஞர் ஜான் வால்காட், டஜன் கத்திகளைப் பதினெட்டுப் பென்னிக்கு விற்ற ஒரு தெருவியாபாரியைப் பாடியிருக்கிறார். வாங்கியவன் முகம் ரணமாகி வந்து சண்டையிடுகிறான். அந்தக் கத்திகள் சவரம் செய்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, விற்பதற்காகச் செய்யப்பட்டவை என்று வியாபாரி அமைதியாக விளக்குகிறான். இன்று சில நூறு ரூபாய்க்கு வரும் கத்திகளில் பெரும்பாலானவை அந்த வியாபாரியின் சரக்குதான். எஃகு சரியாகப் பதப்படுத்தப்பட்டிருக்காது. முதுகு சீராக இருக்காது. சவரத்துக்கு ஏற்ற கூர்மையோடு வருவதே இல்லை. கூர்மையாக்க வேண்டுமானால் இரண்டு மூன்று தரத்தில் தீட்டுக்கற்களும் ஒரு தோல்வாரும் வாங்க வேண்டும். அவற்றின் விலை கத்தியின் விலையைப்போல் பல மடங்கு. அவ்வளவும் செய்தபின் கத்தியின் எஃகு அந்தக் கூர்மையை ஒரு வாரம்கூடத் தாங்காது. கற்றுக்கொள்பவரோ குறை கத்தியிலா, தம் கையிலா என்று தெரியாமல் தவிப்பார். தேர்ந்த நாவிதர் மட்டமான கத்தியைத் தொட்டதும் கண்டுகொண்டு ஒதுக்கிவிடுவார்; புதியவருக்குத்தான் நல்ல கத்தி மிகவும் தேவை, அவர்தான் மட்டமானதை வாங்குகிறார். மடக்குக் கத்தியில் உண்மையான நாட்டம் உள்ளவர்கள், பழுதில்லாத பழைய ஷெஃபீல்டு அல்லது சோலிங்கன் கத்தியை, தீட்டத் தெரிந்த ஒருவரிடம் தீட்டி வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

ஜில்லெட்டின் காலத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. ஒன்றிரண்டு டாலருக்கு நல்ல கத்தி கிடைத்தது. பாதுகாப்பு ரேசர் என்ற பொருளும் அவருக்கு முன்பே இருந்தது. கேம்ஃபி சகோதரர்கள் 1880இல் காப்புரிமை பெற்ற ஸ்டார் ரேசரை அமெரிக்கர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அதில் பொருத்தப்பட்டிருந்தது அடித்துச் செய்த சிறு கத்தித் துண்டு. அதையும் கழற்றித் தீட்ட வேண்டியிருந்தது. வெட்டுப்படும் அச்சம் குறைந்ததே தவிர, பராமரிப்பு வேலை அப்படியே இருந்தது. ஜில்லெட் ஒழிக்க நினைத்தது அந்த வேலையை.

எண்ணம் எளிது, பொருள் வரவில்லை. ஓர் இறாத்தல் எஃகுப் பட்டை 16 சென்ட், அதில் 500 பிளேடு செய்யலாம் என்று தாம் கணக்குப் போட்டதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். தேவைப்பட்ட எஃகு அந்த விலைக்குக் கிடைப்பதன்று என்பது பிறகுதான் தெரிந்தது. மெல்லிய தகட்டைக் கடினமாக்கச் சூடேற்றினால் நெளிந்துவிடும். நெளியாமல் வைத்தால் கடினமாகாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட, அவர் கேட்ட வல்லுநர்கள் இது நடக்காது என்றே சொன்னார்கள். ஆறு ஆண்டுகள் இப்படியே போயின. தாம் மட்டும் முறையாகத் தொழில்நுட்பம் படித்திருந்தால் அப்போதே விட்டிருப்பேன் என்ற கருத்தை அவர் பதிவு செய்திருக்கிறார். அறியாமைக்கும் பொருளாதார மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லியம் நிக்கர்சன். அதே தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர், இயந்திரங்கள் வடிவமைப்பதில் வல்லவர். தகடுகளை நெளியாமல் பதப்படுத்தும் முறையையும், அவற்றை வரிசையாகக் கூர்தீட்டும் இயந்திரங்களையும் அவரே உருவாக்கினார். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு தடிமன் கொண்ட பிளேடு அப்படித்தான் பிறந்தது. 1901 செப்டம்பரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு அதற்கு ஜில்லெட்டின் பெயர் சூட்டப்பட்டது. ஆங்கிலத்தில் நிக் என்றால் சிறு வெட்டுக்காயம். சவரப் பொருளுக்கு நிக்கர்சன் பெயர் ஆகாது என்று விட்டுவிட்டார்கள் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. பாதி உழைப்பு அவருடையது. புகழ் முழுவதும் மீசைக்காரருக்குப் போயிற்று.

விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். மறு ஆண்டு ரேசர்கள் மட்டும் 90,000ஐத் தாண்டின. 1904 நவம்பர் 15 அன்று காப்புரிமை வழங்கப்பட்டது.

இனி விலைக்கு வருவோம். ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். இன்றைய காதுக்குச் சிறு தொகை. அன்றைய தொழிலாளிக்கு வாரக்கூலியில் கணிசமான பங்கு. ஒரு நல்ல மடக்குக் கத்தியைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எவர்-ரெடி போன்ற போட்டி நிறுவனங்கள் பாதுகாப்பு ரேசரை 1 டாலருக்கே விற்றுக்கொண்டிருந்தன. ஜில்லெட் நிறுவனம் அசையவில்லை. கைப்பிடியை இலவசமாகக் கொடுத்ததாகச் சொல்லப்படும் மனிதர், சந்தையிலேயே விலையுயர்ந்த கைப்பிடிகளில் ஒன்றை விற்றார்.

பிளேடும் மலிவன்று. டஜன் 1 டாலர் என்று விற்ற காலத்தில், வாரத்துக்கு ஒரு பிளேடு வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 4 டாலருக்கு மேல் ஆகிறது. அந்தப் பணத்தில் ஆண்டுதோறும் இரண்டு மடக்குக் கத்திகள் வாங்கலாம். அவற்றில் ஒன்றே போதும், வாங்கியவரின் மகன் காலம்வரை உழைக்கும். வெறும் ரொக்கக் கணக்கில் மடக்குக் கத்தியே வெற்றி பெற்றிருக்க வேண்டும். ஆயினும் மக்கள் பழைய கத்தியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு 5 டாலரை எடுத்து நீட்டினார்கள்.

அவர்கள் எஃகை வாங்கவில்லை. தீட்டும் வேலையிலிருந்தும், கற்றுத்தேற வேண்டிய கட்டாயத்திலிருந்தும், நாவிதர் கடையில் காத்திருக்கும் நேரத்திலிருந்தும் விடுதலையை வாங்கினார்கள். தோல்வார் வேண்டாம், கல் வேண்டாம் என்பதையே நிறுவனத்தின் விளம்பரங்களும் அழுத்திச் சொல்லின. மடக்குக் கத்தியின் விலை எப்போதும் இரண்டு பகுதிகளாக இருந்தது. ஒரு பகுதியைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். மறுபகுதியைச் சவரம் செய்துகொள்பவர் தம் நேரமாகவும் பயிற்சியாகவும் காயமாகவும் ஒவ்வொரு காலையும் செலுத்தி வந்தார். இரண்டாவது பகுதியை எந்த ரசீதிலும் எழுதுவதில்லை. ஜில்லெட் அதற்கு ஒரு விலை குறித்தார், அவ்வளவுதான். அந்த விலை நியாயமா என்பது வேறு கேள்வி. காப்புரிமை காத்து நின்றவரை அதைக் கேட்பார் இல்லை.

போட்டியைச் சமூக நோய் என்று எழுதியவரின் செல்வம், போட்டியைச் சட்டப்படித் தடுத்து வைத்த அந்தக் காப்புரிமையால் விளைந்தது. இதை முரண் என்று சிலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் தம் கொள்கைக்கு உண்மையாகவே நடந்துகொண்டார். ஒரு பொருளை ஒரே நிறுவனம் செய்ய வேண்டும் என்பதுதானே அவர் நூலின் சாரம். ஆனால் அந்த நிறுவனத்துக்கு உரிமையாளர்கள் மக்கள் அல்லர், பாஸ்டன் முதலீட்டாளர்கள் என்பதுதான் வேறுபாடு.

அந்த முதலீட்டாளர்களில் முதன்மையானவர் ஜான் ஜாய்ஸ், மதுபான ஆலை வைத்திருந்த செல்வந்தர். தொடக்கத்தில் திவாலாகும் நிலையில் இருந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது அவர் பணம். ரேசர் நிறுவனம் ஊதியம் தரும் நிலையில் இல்லாததால், ஜில்லெட்டே சோடா மூடி நிறுவனத்தின் வேலையை ஏற்று லண்டனுக்குக் குடும்பத்தோடு போக நேர்ந்தது. வெளிநாட்டு உரிமைகளை விற்கப்போகிறார்கள் என்று அறிந்து ஓடிவந்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் இருவருக்கும் அதிகாரப் போட்டி. 1910 அளவில் ஜில்லெட் தம் பங்குகளில் பெரும்பகுதியைச் சுமார் 9 லட்சம் டாலருக்கு ஜாய்ஸிடம் விற்று ஒதுங்கினார். தலைவர் என்ற பெயரும் உறையில் படமும் அவருக்கு மிஞ்சின. விற்ற பணத்தோடு பழைய கனவுக்குத் திரும்பினார். அரிசோனாவில் உலகக் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைத்து, அதற்குத் தலைவராக வரும்படி முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அழைப்பு விடுத்தார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார்.

ரேசர் வீடுவீடாக நுழைந்தது முதல் உலகப் போரினால். அமெரிக்கா 1917இல் போரில் இறங்கியதும், படைவீரர்களுக்கென அரசு சுமார் 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடிக்கு மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. நச்சுப்புகை முகமூடி முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டுமானால் தாடி இருக்கக் கூடாது. பதுங்குகுழியில் தோல்வாரும் தீட்டுக்கல்லும் வைத்துக்கொள்ள முடியுமா? போர் முடிந்து இளைஞர்கள் ரேசரோடும் நாள்தோறும் சவரம் செய்யும் பழக்கத்தோடும் வீடு திரும்பினார்கள். விளம்பரத்தால் பல ஆண்டுகளில் செய்ய வேண்டியதை அரசுப் பணம் இரண்டு ஆண்டுகளில் செய்து கொடுத்தது.

1921இல் காப்புரிமை காலாவதியானது. அந்த ஆண்டுதான் நிறுவனம் பழைய வடிவ ரேசரை 1 டாலருக்கு விற்க முன்வந்தது; மேம்படுத்திய புதிய வடிவத்துக்கு 5 டாலர் விலையைத் தக்கவைத்துக்கொண்டது. ரேசர் விற்பனை வெகுவாக உயர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ரேண்டல் பிக்கர், இந்த விலைகளையெல்லாம் காலவரிசைப்படி ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜில்லெட் கைப்பிடியில் ஜில்லெட் பிளேடு மட்டுமே பொருந்தும் என்று சட்டம் காத்த காலத்தில்தான் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டிருக்க முடியும்; அப்போது நிறுவனம் அதைச் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் பிளேடு செய்யலாம் என்றான பிறகே கைப்பிடி மலிவானது. வகுப்பறைகளில் தந்திரம் என்று போற்றப்படுவது, உண்மையில் போட்டியாளர்கள் வாசலில் வந்து நின்றபோது குறைக்க நேர்ந்த விலை.

ஏழையின் கைக்கு ஜில்லெட் ரேசர் எட்டியது, ஜில்லெட் நோய் என்று வெறுத்த அந்தப் போட்டியால்தான். இது பழங்கதையும் அன்று. 2010இல் இந்தியாவுக்கென்றே வடிவமைத்த ஒரு ரேசரை அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 15 ரூபாய்க்கும் அதன் பிளேடை 5 ரூபாய்க்கும் அறிமுகப்படுத்தியது. இரட்டை விளிம்பு பிளேடுகள் சில ரூபாய்க்குக் கிடைத்த சந்தை இது. வேறு விலை இங்கே எடுபட்டிருக்காது. நம் ஊர்ச் சலூன்களிலும் அந்த மலிவு பிளேடின் ஆட்சிதான். நாவிதர் கையில் இன்று இருப்பது பார்வைக்கு மடக்குக் கத்தி. உண்மையில் அது வெறும் கைப்பிடி, பிளேடை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை அதில் செருகிக்கொள்கிறார். சுவரில் தொங்கிய தோல்வார் மறைந்துவிட்டது. அதைத் தீட்டத் தெரிந்த கைகளும் அருகிவிட்டன. மலிவான மடக்குக் கத்தியை இணையத்தில் வாங்குபவர், அதைக் கொண்டுபோய்ச் சாணை பிடித்துத் தருமாறு கேட்க இன்று ஆளைத் தேடவேண்டியிருக்கும். 1895இல் ஜில்லெட்டுக்கு அந்தச் சங்கடம் இல்லை. தெருமுனையில் ஆள் இருந்தார்.

பிற்காலத்தில் ஜில்லெட் கலிபோர்னியாவில் குடியேறினார். நிலங்களை வாங்கிக் குவித்தார். தம் இன்னொரு கனவு நூலான தி பீப்பிள்ஸ் கார்ப்பரேஷனை 1924இல் வெளியிட்டார். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அதற்கு உதவினார். மோட்டார் வாகனத் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்டையும் ஜில்லெட்டையும் சந்திக்க வைத்து, இரு செல்வந்தர்களையும் ஒரு நல்ல காரியத்தில் இணைக்கலாம் என்று சின்க்ளேர் முயன்றார். போட்டியே முன்னேற்றம் என்பவர் ஒருவர், போட்டியே கேடு என்பவர் மற்றவர். பேச்சு நடந்தது, பலன் இல்லை.

1930இல் நிறுவனத்துக்குச் சோதனை வந்தது. ஆட்டோஸ்டிராப் என்ற போட்டி நிறுவனத்தின் ஹென்றி கெய்ஸ்மன், பிளேடு வடிவமைப்பில் தம் காப்புரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். வழக்கு, இரு நிறுவனங்களும் இணைவதில் முடிந்தது. இணைப்புக்காகக் கணக்குகளைப் புரட்டியபோது, ஜில்லெட் நிறுவனம் பல ஆண்டுகளாக லாபத்தை மிகைப்படுத்திக் காட்டி வந்தது வெளிப்பட்டது. பங்கு விலை சரிந்தது. நிர்வாகம் போட்டியாளர் கைக்குப் போயிற்று. ஜில்லெட்டுக்கு அன்றாட நிர்வாகத்தில் பங்கில்லை என்றாலும் மிச்சமிருந்த செல்வத்தில் பெரும்பகுதி அந்தப் பங்குகளிலும் கலிபோர்னியா நிலங்களிலும் முடங்கியிருந்தது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் இரண்டையும் கரைத்தது. 1931இல் தலைவர் பதவியும் போயிற்று. 1932 ஜூலை 9 அன்று, தம் 77ஆம் வயதில், ஏறத்தாழ வெறுங்கையோடு லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார்.

அவர் இறந்த பின்னும் மீசை வைத்த அந்தப் படம் உறைகளில் தொடர்ந்தது. நிறுவனம் பலமுறை கைமாறாமல் வளர்ந்து, 2005இல் புரோக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தால் ஏறத்தாழ 5,700 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. கலபாசஸ் அருகே மலையடிவாரத்தில், கட்டடக் கலைஞர் வாலஸ் நெஃப் 1928இல் அவருக்காக வடிவமைத்த மாளிகை திரைப்படத் துறையினர் உள்ளிட்ட பலரிடம் கைமாறியது. இப்போது அந்த மாளிகையும் அதைச் சூழ்ந்த நிலமும் அவர் பெயரிலேயே ஒரு பொதுப் பூங்கா. அதற்கு உரிமையாளர்கள் மக்கள்.